எதிரெதிர் பேருந்து, ஒரே பட்டம்

மேஜர், மைனர், கிரெடிட்... சமூக அறிவியல் படிப்புகளின் கணக்கு மாறுகிறது. வரவு யாருக்கு, செலவு யாருக்கு?

காலை ஏழே முக்கால். வளவனூர் பஸ் நிறுத்தத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. பெரியப்பா மகளும் சித்தப்பா மகளும். ஒரே தெரு, ஒரே பள்ளி, பிளஸ் டூவில் ஒரே குரூப். இருவரும் எடுத்திருப்பது பி.ஏ. வரலாறு. அக்காவின் பஸ் கிழக்கே, கண்டமங்கலம் தாண்டி புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது. தங்கையின் பஸ் மேற்கே விழுப்புரத்துக்கு. தங்கைக்கு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது. அக்கா சில்லறையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள்.

மாலையில் வீட்டுத் திண்ணையில் இருவரின் கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். தங்கையின் தாளில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 வரலாறும் துணைப்பாடமும், பிறகு மாநில அரசின் 'நான் முதல்வன்' திறன் பாடம். அக்காவின் தாளில் மேஜர், மைனர், எம்.டி., ஏ.இ.சி., எஸ்.இ.சி., வி.ஏ.சி. என்று எழுத்துக் கூட்டம்.

"உனக்கு மைனர் என்னக்கா?"

"பொலிடிக்கல் சயின்ஸ். நான் சைக்காலஜி கேட்டேன். அதுக்கு இங்க டிபார்ட்மென்டே இல்லன்னுட்டாங்க."

உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுத்தார்: "ரெண்டு பேரும் சரித்திரம்தானடி படிக்கிறீங்க?"

பட்டச் சான்றிதழைப் பொறுத்தவரை பாட்டி சொல்வது சரி. ஆனால், நாற்பது கிலோமீட்டர் சாலையின் இரு முனைகளில் 'வரலாறு படித்தவர்' என்பதற்கு இரண்டு பொருள்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. பாடப்புத்தகத்திலிருந்து ஓர் எழுத்தாளரை நீக்கினால் மறுநாளே போராட்டம் வெடிக்கிறது. எந்தப் பாடம் கட்டாயம், எது விருப்பம், எதற்கு எத்தனை கிரெடிட் என்ற அட்டவணை மாறும்போது தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மாணவர் எதைப் படிப்பார், எதைப் படிக்கவே மாட்டார் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த அட்டவணைதான்.

எங்கிருந்து வந்தது?

2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கை, ஒற்றைப் பாடத்துக்குள் மாணவரை அடைக்கக் கூடாது என்றது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, இளநிலைப் பட்டத்துக்கான புதிய பாடத்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. மூன்று ஆண்டு முடித்தால் பட்டம், நான்காம் ஆண்டும் படித்தால் 'ஹானர்ஸ்'. நடுவில் வெளியேறவும் திரும்பி வரவும் வழி. முதன்மைப் பாடத்தோடு 'மைனர்' என்ற இரண்டாம் பாடம்.

டெல்லிப் பல்கலைக்கழகம் 2022-லேயே நான்காண்டுத் திட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளுக்கு 2023-24-ல் கொண்டுவந்தது. தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. மூன்று ஆண்டுப் பட்டமும், ஐந்து பகுதிகள் கொண்ட பழைய கட்டமைப்பும் இங்கே தொடர்கின்றன.

மைனர் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. தங்கையின் அப்பா தலைமுறை அதை 'ஆன்சிலரி' என்றது. அடுத்த தலைமுறை 'அலைடு' என்றது. பொருளாதாரம் படித்தவர் கூடவே புள்ளியியலும், வரலாறு படித்தவர் கூடவே அரசியல் அறிவியலோ சுற்றுலாவோ படித்தார்கள். அலைடு என்பது முதன்மைப் பாடத்துக்குத் துணை நிற்கக் கல்லூரி கொடுத்தது. மைனரோ மாணவர் தானே தேர்ந்தெடுக்கும் இரண்டாவது தகுதி என்று காகிதம் சொல்கிறது.

பெட்டிச் செய்தி 1: ஒரு பட்டத்தின் கணக்கு

• யுஜிசி சட்டகத்தில் மூன்று ஆண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். நான்கு ஆண்டுக்கு 160.
• மூன்று ஆண்டில் முதன்மைப் பாடத்துக்கு 60, மைனருக்கு 24. நான்கு ஆண்டில் 80, 32.
• பலதுறைப் பாடங்கள் (எம்.டி.) 9, மொழித்திறன் (ஏ.இ.சி.) 8, திறன் மேம்பாடு (எஸ்.இ.சி.) 9, 'மதிப்புக் கூட்டும்' பாடங்கள் (வி.ஏ.சி.) 6 முதல் 8, கோடைக்காலப் பயிற்சி 2 முதல் 4.
• விரிவுரை வகுப்பில் ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் 15 மணி நேரம்.
• ஓராண்டில் 40 கிரெடிட்டோடு வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் 80-ஓடு வெளியேறினால் டிப்ளமோ. இரண்டுக்கும் கோடையில் 4 கிரெடிட் தொழிற்பாடம் முடிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பலாம்; மொத்தப் படிப்பையும் ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும்.
• தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 140 கிரெடிட்.

ஆழம் எங்கே போனது?

2015-ல் யுஜிசி கொண்டுவந்த முந்தைய மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஹானர்ஸ் மாணவர் ஒருவர் தன் துறையில் 14 மையப் பாடங்களும் 4 விருப்பப் பாடங்களும் படித்தார். தலா 6 கிரெடிட். ஆக, 140-ல் 108. படிப்பில் முக்கால் பங்குக்கு மேல் அவருடைய சொந்தத் துறை. இன்றைய சட்டகத்தில் மூன்று ஆண்டுப் பட்டத்துக்குத் துறையின் குறைந்தபட்சப் பங்கு 120-ல் 60. சரிபாதி.

குறைந்தபட்சம் என்பதால் பல்கலைக்கழகம் கூட்டிக்கொள்ளலாம். சில கூட்டியும் இருக்கின்றன. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது. மணிக்கணக்கில் சொன்னால் மூன்று ஆண்டில் 900 மணி நேரம் வரலாறு, 360 மணி நேரம் மைனர். மீதமிருப்பதைச் சின்னச் சின்னத் தாள்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன.

வேதியியலோ கணினியோ படிப்பவருக்கும் இதே கணக்குதான். அவருக்கு ஆய்வகம் இருக்கிறது, அதற்கென்று மணி நேரம் இருக்கிறது. சமூக அறிவியலின் ஆய்வகம் நூலகமும் தெருவும்தான். இரண்டுக்கும் அப்படி ஒதுக்கிய மணி நேரம் குறைவு. ஒரு கல்வெட்டை வாசிப்பது, ஒரு மக்கள்தொகை அட்டவணையைச் சந்தேகத்தோடு பார்ப்பது, ஒரு நேர்காணலில் எதிராளி சொல்லாமல் விட்டதைக் கவனிப்பது எல்லாம் மெல்ல ஊறிவரும் பழக்கங்கள். இரண்டு கிரெடிட் தாளில் அந்த ஊறல் நடக்காது.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. யுஜிசி பாடங்களைப் படிநிலையாக எண்ணிட்டிருக்கிறது. 100 வரிசை அடிப்படை. 400 வரிசை உயர்நிலை. இந்த 400 வரிசையும், 12 கிரெடிட் ஆய்வேடும் நான்காம் ஆண்டுக்கு உரியவை. அதாவது, துறையின் கடினமான, சுவையான பகுதி மாடியில் இருக்கிறது. மூன்று ஆண்டோடு இறங்குபவர் தரைத்தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். அவரும் பட்டதாரிதான்.

விருப்பம் என்பது ஆசிரியர் எண்ணிக்கை

அக்கா சைக்காலஜி கேட்டதும், பொலிடிக்கல் சயின்ஸ் கிடைத்ததும் யாருடைய சதியும் அல்ல. ஒரு சின்னக் கணக்கு.

ஒரு துறையில் நான்கு ஆசிரியர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். நால்வருக்கும் சேர்த்து 64 மணி நேரம். சொந்தத் துறையின் 60 கிரெடிட்டை ஆறு செமஸ்டருக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு வாரம் 10 மணி நேரம். மூன்று ஆண்டு மாணவர்களும் ஒரே சமயத்தில் கல்லூரியில் இருப்பதால் 30 மணி நேரம். மைனருக்கு வகுப்புக்கு வாரம் 4 மணி. மூன்று ஆண்டுக்கும் 12 மணி. மூன்று வேறு துறை மாணவர்கள் தனித்தனி வகுப்பாக இந்தப் பாடத்தை மைனராகக் கேட்டால் 36. கூட்டினால் 66. இருப்பதோ 64. இன்னும் பலதுறைப் பாடம், திறன் பாடம், மதிப்புக் கூட்டும் பாடம் எதையும் நாம் தொடவே இல்லை. நான்காம் ஆண்டின் ஆய்வேடு வழிகாட்டல் அதற்கும் அப்பால் நிற்கிறது.

நான்கு பேரும் நிரந்தர ஆசிரியர்களாக இருந்தால் இந்தக் கணக்கு. எல்லையின் இரு பக்கமும் பல துறைகளைத் தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்களும் தொகுப்பூதியக்காரர்களும். அடுத்த ஆண்டு அவர் இருப்பாரா என்பதே தெரியாத நிலையில், மூன்று ஆண்டு நீளும் ஒரு மைனரை எந்த நம்பிக்கையில் அறிவிப்பது?

எனவே கல்லூரிகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கின்றன. வரலாறு மேஜர் என்றால் அரசியல் அறிவியல் மைனர். பொருளாதாரம் மேஜர் என்றால் வணிகவியல் மைனர். ஒரு துறை முழுவதையும் இன்னொரு துறையோடு ஜோடி சேர்த்துவிட்டால் கால அட்டவணை இடிக்காது, வகுப்பறையும் மிச்சம். அந்த நிமிடமே மைனர் மறுபடி 'அலைடு' ஆகிவிடுகிறது. பெயர்ப்பலகை மட்டும் புதுசு.

இதில் அடிபடுவது சிறு துறைகள். மானுடவியல், சமூகவியல், தத்துவம், உளவியல் போன்றவை நம் பக்கத்து மாவட்டக் கல்லூரிகளில் ஏற்கெனவே அரிது. மைனர் மூலம் அவற்றுக்கு மாணவர் கிடைப்பார்கள் என்பதுதான் திட்டத்தின் அழகான வாக்குறுதி. துறையே இல்லாத கல்லூரியில் அந்த வாக்குறுதியை யார் காப்பாற்றுவது? பெரிய நகரத்தின் பழைய கல்லூரி மாணவருக்குப் பத்து மைனர் பட்டியல். சின்ன ஊர் மாணவருக்கு ஒன்று. இருவர் சான்றிதழிலும் அச்சாகும் சொல் ஒன்றே.

பெட்டிச் செய்தி 2: டெல்லி ஒரு முறை பார்த்த படம்

டெல்லிப் பல்கலைக்கழகம் 2013 ஜூலையில் நான்காண்டுப் பட்டத்தை முதன்முறை கொண்டுவந்தது. துணைவேந்தர் தினேஷ் சிங். எல்லா மாணவருக்கும் 11 அடித்தளப் பாடங்கள் கட்டாயம். கணிதம் ஹானர்ஸ் மாணவரும் வரலாறு மாணவரும் ஒரே அடித்தளத் தாளை எழுதினார்கள். "பள்ளிக்கூடத்தில் படித்ததையே மறுபடி படிக்கிறோம்" என்பது பரவலான புகார். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2014-ல் மத்தியில் ஆட்சி மாறியதும் யுஜிசி தலையிட, ஜூன் மாத இறுதியில் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. அதில் சேர்ந்த ஒரே ஒரு அணி, நடுவழியில் மூன்று ஆண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2022-ல், அதே மத்திய ஆட்சியின் காலத்தில் நான்காண்டுத் திட்டம் வேறு பெயரில் அதே வளாகத்துக்குத் திரும்பி வந்தது. 2022-ல் சேர்ந்த முதல் அணி 2025-ல் நான்காம் ஆண்டுக்குள் காலடி வைத்தது.

தமிழ் எத்தனை மணி?

இரு தாள்களையும் ஒப்பிடும்போது திண்ணையில் எல்லோரும் நின்றுபோன இடம் மொழி. தங்கைக்கு நான்கு செமஸ்டர் தமிழ், நான்கு செமஸ்டர் ஆங்கிலம். தாளுக்கு 3 கிரெடிட் வீதம் 12-ம் 12-ம், மொத்தம் 24. பல கல்லூரிகளில் தமிழுக்கு வாரம் 6 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். யுஜிசி சட்டகத்தில் ஆங்கிலமும் இந்திய மொழியும் சேர்ந்து 'மொழித்திறன்' என்ற ஒரே தலைப்பில் 8 கிரெடிட்.

கல்லூரித் தமிழ் வகுப்பைக் கேலி செய்வது எளிது. தூங்கி வழிந்த மதியங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் வரலாறோ சமூகவியலோ படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்த வகுப்புக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அவர் கருத்தை வாதமாக அடுக்கி, பத்தி பிரித்து எழுதக் கற்பது பெரும்பாலும் அங்கேதான். பி.ஏ. தேர்வைத் தமிழில் எழுதும் மாணவர்களுக்குத் தமிழ்த் தாள் கூடுதல் சுமை அல்ல. அவர்கள் சிந்திக்கும் கருவியைத் தீட்டும் சாணைக்கல். இந்த இழப்பு எந்தத் துறையின் கணக்கிலும் ஏறாது. விடைத்தாளில் மட்டும் தெரியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மொழிக்கு இவ்வளவு நேரம் கொடுத்தும் நம் பட்டதாரிகள் ஒரு மனு எழுதத் தடுமாறுகிறார்கள் என்றால், சிக்கல் மணி நேரத்தில் மட்டும் இல்லை. பாடம் நடத்தும் விதத்திலும் இருக்கிறது. குறைப்பதற்கு அது காரணமாகாது, மாற்றுவதற்குக் காரணமாகலாம்.

நான்காம் ஆண்டுக்கு யார் நிற்பார்?

நான்காம் ஆண்டில் ஆய்வோடு கூடிய ஹானர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் தேவை. அதற்குப் பலன் உண்டு. நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர் எம்.ஏ. இல்லாமல் நேரடியாக முனைவர் பட்டப் படிப்புக்கு முயலலாம் என்று 2022-ல் யுஜிசி விதி வகுத்தது. 2024-ல் 'நெட்' தேர்வும் அவர்களுக்குத் திறந்தது. நான்கு ஆண்டு முடித்தவருக்கு எம்.ஏ. ஓராண்டுதான். 'மூன்றும் இரண்டும் ஐந்து, நான்கும் ஒன்றும் ஐந்து, இதில் என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம்.

வீட்டுக் கணக்கு வேறு மாதிரி. மூன்றாம் ஆண்டு முடியும் மாதம் பல குடும்பங்களில் ஒரு கெடு. தம்பியின் படிப்பு, வாங்கிய கடன், 'பெண்ணுக்கு இருபத்தொன்று ஆச்சு' என்ற பேச்சு எல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து நிற்கும். பி.ஏ. என்ற பட்டம் கையில் வந்ததும் அந்தக் கெடு ஒரு மாதிரி தீரும். எம்.ஏ. என்றால் 'மேற்படிப்பு' என்று ஊரில் ஒரு மரியாதை. அதைச் சொல்லி இன்னும் இரண்டு ஆண்டு வாங்கிவிடலாம். நான்காம் ஆண்டுக்கு அப்படி ஒரு பெயர் இன்னும் நம் ஊரில் பதியவில்லை. 'இன்னும் முடியலையா?' என்ற கேள்விதான் வரும்.

ஆகவே தரைத்தளம், மாடி என்ற பிரிவு மதிப்பெண்ணால் மட்டும் விழுவதில்லை. எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்பதாலும் விழுகிறது. ஓராண்டில் வெளியேறினால் கிடைக்கும் சான்றிதழையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உடல்நலம் கெட்டோ வேலை கிடைத்தோ போனவர் திரும்பி வர முடிவது நிச்சயம் நல்லது. பழைய முறையில் அவர் 'டிஸ்கன்டினியூ', அவ்வளவுதான். ஆனால் 40 கிரெடிட் வரலாற்றுச் சான்றிதழுக்கு எந்த வேலை கிடைக்கும்? பொறியியலில் ஓராண்டு படித்தவர் ஒரு தொழில்நுட்ப வேலையைக் காட்டலாம். சமூக அறிவியலில் ஓராண்டு என்பது முன்னுரை மட்டும்.

வேலைக் கதவும் மேஜர் என்ற சாவியும்

தமிழ்நாட்டில் பி.ஏ. சேரும் பெரும்பாலோர் மனதில் இருப்பவை இரண்டு: டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் வேலை. முதலாவதற்குப் பெரும்பாலான பணிகளில் ஏதாவது ஒரு பட்டம் போதும். இரண்டாவதில் பட்டத்தின் முதன்மைப் பாடம்தான் சாவி. பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியராக வழக்கமான வழி வரலாறும் புவியியலும். மேஜர் அரசியல் அறிவியல், மைனர் வரலாறு என்று 24 கிரெடிட் படித்தவரை அந்தக் கதவு எப்படிப் பார்க்கும்? இளநிலையில் ஒன்று, முதுநிலையில் இன்னொன்று படித்த ஆசிரியர்கள் 'கிராஸ் மேஜர்' என்ற முத்திரையோடு பதவி உயர்வுக்கு அலைந்த கதையைக் கல்வித்துறை வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பல்கலைக்கழகம் புதுப் பெயரில் ஒரு பட்டத்தை ஆரம்பித்தால், அது பழைய பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை வரும்வரை மாணவர் காத்திருக்க வேண்டும். பாடத்திட்டக் குழு ஒரு பிற்பகலில் மாற்றும் பெயருக்கு, மாணவர் சில சமயம் ஆண்டுக்கணக்கில் விலை கொடுக்கிறார். எல்லை தாண்டிப் படித்துவிட்டு ஊர் திரும்பும் அக்காவுக்கு இது ஏட்டளவிலான கவலை அல்ல.

பெட்டிச் செய்தி 3: தடை இல்லை, பட்டியலில் இல்லை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழக மாணவர் எவரும் ஐந்து பிரிவுகளில் பொதுக்கல்விப் பாடங்களை முடிக்க வேண்டும். சமூக அறிவியல் பிரிவின் பட்டியலில் சமூகவியல் அறிமுகம் நெடுநாளாக இருந்தது. 2023-ல் அடையாள அரசியலுக்கு எதிரான சட்டம் ஒன்று வந்தது. 2024 ஜனவரியில் 28 மாநிலக் கல்லூரிகளுக்கும் 12 பல்கலைக்கழகங்களுக்கும் அந்தப் பாடம் பட்டியலிலிருந்து அகற்றப்பட்டது. அந்த இடத்துக்கு அமெரிக்க வரலாற்று அறிமுகம் வந்தது. சமூகவியலைத் தடை செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆனால், செவிலியம் படிக்க வந்து, கட்டாயத்துக்காக அந்த வகுப்பில் உட்கார்ந்து, அது பிடித்துப்போய் அந்தத் துறைக்கே வந்துவிடும் மாணவர் இனி வர மாட்டார். சிறு துறைகள் உயிர்வாழ்வது இப்படித் தற்செயலாக உள்ளே வருபவர்களால்.

அண்டை வீட்டிலும் குழப்பம்

கர்நாடகம் 2021-22-லேயே நான்காண்டு முறைக்குப் போய், ஆட்சி மாறியபின் சுகதேவ் தோரட் தலைமையிலான ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2024-25 முதல் மூன்று ஆண்டுக்கே திரும்பியது. தேசியக் கல்விக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்த கேரளத்தின் இடதுசாரி அரசு, 2024 ஜூலையில் தன் சொந்த வடிவத்தில் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் யுஜிசி பொருளாதாரம், அரசியல் அறிவியல், புவியியல், மானுடவியல் உட்பட ஒன்பது பாடங்களுக்கு வரைவுப் பாடத்திட்டம் வெளியிட்டபோது எதிர்த்த மாநிலங்களில் கேரளமும் ஒன்று.

தமிழ்நாடு இந்தக் கலவரத்துக்கு வெளியே நிற்பதாக நினைக்க வேண்டாம். 2023-ல் மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டத்தை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று மாநில அரசு சொன்னபோது தன்னாட்சிக் கல்லூரிகள் கொதித்தன. பல ஆண்டு உழைப்பில் உருவாக்கிய பாடங்களைத் தூக்கிப்போடச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் குறை. அந்த மாதிரியிலும் 'அலைடு' என்ற பெயர் போய் 'எலெக்டிவ்' வந்தது. 'நான் முதல்வன்' பாடங்களுக்கும் கிரெடிட் உண்டு. டெல்லியின் திறன் பாடத்தை எதிர்ப்பவர்கள் சென்னையின் திறன் பாடத்துக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த மணி நேரம் யாருடைய பங்கிலிருந்து வந்தது?

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் இளநிலை மாணவர்களில் 34.2 சதவீதம் பேர் கலைப் பிரிவில் இருக்கிறார்கள். பொறியியல் 11.8 சதவீதம்தான். தொலைக்காட்சி விவாதங்களில் விகிதம் தலைகீழ். அட்டவணை மாறும்போது அதிகம் பேரைத் தொடுவது பி.ஏ. வகுப்பறையைத்தான்.

இருவேல்பட்டு சொல்லும் பாடம்

மாற்றமே வேண்டாமா? பழைய அட்டவணை ஒன்றும் பொற்காலம் அல்ல. கைடு வாங்கி, ஐந்து கேள்வி மனப்பாடம் செய்து பி.ஏ. முடித்தவர்கள் ஏராளம். விலங்கியல் மாணவி ஒருத்தி சமூகவியலை மைனராக எடுத்துக் காட்டைச் சுற்றி வாழும் மக்களையும் படித்தால் அது நல்ல விலங்கியல். பொருளாதார மாணவர் சாதி பற்றி ஒரு தாள்கூடப் படிக்காமல் கூலிச் சந்தையைப் பற்றி எழுதினால் அது அரைப் பொருளாதாரம். மைனர் என்ற வாசல் தேவைதான்.

அந்த வாசல் எப்படி இருக்கலாம் என்பதற்கு இந்த ஊர்ப் பக்கமே ஒரு பழைய சான்று இருக்கிறது. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊரை ஆராய்ந்து வரச் சொன்னார். எவ்வளவு நிலம், யாருக்குச் சொந்தம், என்ன கூலி, யார் எங்கே குடியிருக்கிறார்கள். 1918-ல் அது நூலாக வந்தது. அதில் ஆராயப்பட்ட ஊர்களில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. 1930-களில் மறுபடி ஆராய்ந்தார்கள். பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.குகன் உள்ளிட்டோர் போனார்கள். இந்த நூற்றாண்டிலும் ஆய்வாளர்கள் போனார்கள். ஒரு கிராமத்தின் நிலமும் கூலியும் சாதியும் ஏறத்தாழ ஒரு நூறாண்டில் மாறிய கதை, மாணவர்களின் விடுமுறை வேலையிலிருந்து முளைத்தது.

அந்த மாணவர்களுக்கு அதற்குக் கிரெடிட் கிடையாது. கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும், நடந்து போய்ப் பார்க்க ஓர் ஊரும், திரும்பி வந்து எழுத நேரமும் இருந்தன. இன்றைய சட்டகத்தில் கோடைக்காலப் பயிற்சிக்கு 2 முதல் 4 கிரெடிட் இருக்கிறது. அதை ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரை வாங்கி வரும் தாளாகவும் கழிக்கலாம், ஓர் இருவேல்பட்டாகவும் ஆக்கலாம். எது நடக்கும் என்பது அந்தத் துறையில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை காலத்துக்கு இருப்பார்கள் என்பதைப் பொறுத்தது.

பெட்டிச் செய்தி 4: சேர்வதற்கு முன் கல்லூரியில் கேளுங்கள்

1. மைனராக எந்தெந்தப் பாடங்கள் உண்மையிலேயே நடக்கின்றன? சென்ற ஆண்டு எத்தனை பேர் எதை எடுத்தார்கள்?
2. அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்?
3. நான்காம் ஆண்டு இதே கல்லூரியில் உண்டா, வேறு இடம் போக வேண்டுமா?
4. பட்டச் சான்றிதழில் மைனர் பெயர் அச்சாகுமா?
5. உங்கள் மனதில் இருக்கும் வேலைக்கோ பி.எட்.டுக்கோ இந்த மேஜர் ஏற்கப்படுகிறதா? இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா?
6. களப்பணி, பயிற்சி ஆகியவற்றை யார் வழிநடத்துகிறார்கள்? செலவு யாருடையது?

மறுநாள் காலை

மறுநாளும் அதே நிறுத்தம். அக்காவின் பஸ் முதலில் வந்தது. ஏறும் முன் சாலையைக் கடந்து வந்து தங்கையிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். அவளுடைய அரசியல் அறிவியல் மைனர் நோட்டு. தங்கைக்கு இந்த செமஸ்டர் துணைப்பாடமும் அரசியல் அறிவியல்தானாம். பதிலுக்குத் தங்கை பையிலிருந்து எடுத்துத் தந்தது தமிழ் நோட்டு. "கட்டுரை எப்படி ஆரம்பிக்கறதுன்னு எங்க அம்மா நல்லா சொல்லிக் குடுத்தாங்க, அதைப் பாரு" என்றாள். 'எங்க அம்மா' என்றது அவளுடைய தமிழ்ப் பேராசிரியையை.

கண்டக்டர் விசில் ஊதினார். இரண்டு பாடத்திட்டங்களும் ஒன்றுக்கொன்று தராததை, இரண்டு நோட்டுகள் வளவனூர் சாலையில் கைமாற்றிக்கொண்டன.